வேலையும் போய் இ.எஸ்.ஐ.யும் நின்றால்: கோத்தகிரித் தங்கைக்கு ஒரு பதில்

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு 40 வயது. தேயிலை ஃபேக்டரியில் 14 வருட வேலை, மாதம் 14,000 ரூபாய் சம்பளம். போன வருடம் ஜூலையில், இரவு ஷிப்டில், தேயிலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. மெஷினில் அடைத்துக்கொண்ட இலையை எடுக்கப் போனபோது வலது கை ரோலரில் மாட்டிவிட்டது. கட்டை விரல் தப்பியது, மற்ற நான்கு விரல்களும் போய்விட்டன. கோயம்புத்தூரில் ஆபரேஷன், அதன் பிறகு சில மாத ஓய்வு. திரும்பப் போனபோது, "இந்தக் கையோடு இங்கே வேலை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டும் இனிச் செல்லாது என்றார்களாம். இப்போது 50,000 ரூபாய் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். "ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எங்கே எழுதிப் போடுவது? அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வது?" என்பது கேள்வி.

தங்கச்சி, பென்ஷனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பேப்பர். அண்ணன் அதில் கையெழுத்துப் போட வேண்டாம், கைநாட்டும் வைக்க வேண்டாம். "வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், ஒரு நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். ஒன்று, "நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்". இன்னொன்று, "இனி எந்தப் பாக்கியும் கேட்க மாட்டேன்". தொழிற்சங்க ஆபீஸில் உட்கார்ந்து இந்த மாதிரி மனுக்களைப் பல வருடமாக எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்த இரண்டு வரியைப் போல ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்ட வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அந்த 50,000 எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு. வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அந்த 14,000 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது என்றால், 14 வருடத்துக்கு 1,13,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. விபத்தே நடக்காமல், அண்ணன் தானாக வேலையை விட்டிருந்தால்கூட அவருக்குச் சேர வேண்டிய பணம் இது. கைக்கான ஈடு இதில் ஒரு பைசா இல்லை. (ஐந்து வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி என்ற விதி, ஊனத்தால் வேலை போனவர்களுக்குப் பொருந்தாது. குறைந்த வருடம் வேலை பார்த்தவர்கள் இதைக் கவனியுங்கள்.)

இனி, எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் ஊனம்?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி, அடி எங்கே பட்டது, எப்போது பட்டது, அது எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. வேலையில் இருக்கும்போது வேலையால் வந்த காயம் என்று நிலைநிறுத்திவிட்டால், ஆயுள் முழுவதும் மாதாமாதம் வரும் தொகையோ லட்சக்கணக்கில் ஒரு மொத்தத் தொகையோ கிடைக்கும். அதை விட்டுவிட்டு நேராகத் தாலுகா ஆபீஸுக்குப் போனால் மாதம் 1,500 ரூபாய் அரசு உதவித்தொகையோடு நின்றுவிடும். சில குடும்பங்கள் அந்த 1,500-ஐ வாங்கிக்கொண்டு, பெரிய உரிமைக்கான கெடுவைத் தெரியாமலே கடந்துவிடுகின்றன. மலையில் இது அடிக்கடி நடக்கிறது. கீழே கோயம்புத்தூருக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் கூலியும் போகும், பஸ் செலவும் ஆகும் என்று ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

அண்ணனுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று பழைய சம்பளச் சீட்டில் பாருங்கள். தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 14,000 ரூபாய்க்கு அண்ணன் கையிலிருந்து மாதம் 105 ரூபாய் போயிருக்க வேண்டும், கம்பெனி 455 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். பிடித்தம் இருந்தால், வேலை போனது இந்தக் காயத்துக்கான உரிமையைத் தொடவே தொடாது. விபத்து நடந்த அன்று அவர் காப்பீட்டுக்குள் இருந்தாரா என்பது மட்டும்தான் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைக் காயத்துக்குக் கிடையாது. பிடித்தம் செய்துவிட்டுக் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தாலும் பாதிக்கப்படப் போவது அண்ணன் அல்ல. பலனைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனியிடமிருந்து வசூல் செய்துகொள்ள இ.எஸ்.ஐ. நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யில் இரண்டு கட்டமாகப் பணம் வரும். கை ஆறும்வரை வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். இது தற்காலிக ஊனப் பலன். ஆபரேஷனுக்குப் பிறகான அந்த மாதங்களுக்கு இது வந்ததா என்று கேளுங்கள். வராமல் இருந்தால் அதுவும் பாக்கி. காயம் ஆறி, இனிமேல் இவ்வளவுதான் என்றான பிறகு மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று சொல்லும். சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீதம் என்று எழுதியே இருக்கிறது. அந்த 90 சதவீத முழு விகிதத்தில் பாதி, ஆயுள் முழுவதும் நிரந்தர ஊனப் பலனாக வரும். 14,000 சம்பளத்துக்குத் தோராயமாகப் பார்த்தால் முழு விகிதம் ஒரு நாளைக்கு 420 ரூபாய், அதில் பாதி 210. மாதத்துக்கு 6,300 ரூபாய் பக்கம் வருகிறது. விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். அண்ணன் நாளைக்கு வேறு வேலைக்குப் போனாலும், சொந்தமாகக் கடை வைத்தாலும் இது நிற்காது.

மருத்துவக் குழு கோயம்புத்தூரில் கூடும்போது போக வேண்டியிருக்கும். போக்குவரத்துச் செலவையும், அன்றைய கூலி இழப்பையும் இ.எஸ்.ஐ. தரும். டிக்கெட்டை வைத்திருந்து கேட்டு வாங்குங்கள். குழுவின் முன்னால் அண்ணன் கையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. என்ன வேலை செய்துகொண்டிருந்தார், அதில் வலது கையால் என்னென்ன பிடிக்க வேண்டும், குளிரில் மிச்சமிருக்கும் அடிப்பகுதி மரத்துப்போகிறதா, ஸ்பேனர் பிடிக்க முடிகிறதா, மூட்டை தூக்க முடிகிறதா என்பதைச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு "பரவாயில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவது நம் ஆட்களின் பழக்கம். அதை அன்று ஒருநாள் விட்டுவிடச் சொல்லுங்கள். குழு சொல்லும் சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு, மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

விபத்து நடந்த இரவு அண்ணனை முதலில் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்? அங்கே விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்பார்கள். பணியில் இருக்கும் டாக்டர், வந்த நேரம், யார் கூட்டி வந்தது, எங்கே எப்படி அடிபட்டது என்று சொன்னார்கள், காயம் என்ன என்பதை அதில் எழுதுவார். அந்தப் பக்கத்தின் நகலை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அதில் "வேலையிடத்தில் இயந்திரத்தில் கை மாட்டி" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதைவிட வலுவான சாட்சி வேறு இல்லை. ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பொய் சொல்ல நேரமிருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. சில இடங்களில் கூட வரும் மேஸ்திரியோ, ஃபேக்டரி உற்பத்தியைப் பார்க்கும் டீ மேக்கரோ "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று காதில் சொல்வது உண்டு. அப்படி எழுதப்பட்டிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். நான்கு விரலும் ஒரே வரிசையில் நசுங்கிப் போவது வழுக்கி விழுவதால் வராது, ஆபரேஷன் செய்த டாக்டரின் குறிப்பிலேயே அது நசுக்குக் காயம் என்று இருக்கும்.

அதோடு சேர்க்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, 108 ஆம்புலன்ஸில் போயிருந்தால் அந்த விவரம், அன்றைய ஷிப்டில் கூட இருந்த இரண்டு பேரின் பெயர். கம்பெனி தன் பங்குக்கு விபத்துப் புத்தகத்தில் எழுதி, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். இப்போது அது ஆன்லைனில் போகிறது. இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவித்திருக்க வேண்டும். கம்பெனி அனுப்பவில்லை என்றால், அண்ணனே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு விபத்து நடந்த தேதி, நேரம், இடம், சாட்சிகள் எல்லாம் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு கேள்வி: அவரை அனுப்பியபோது டாக்டர் கொடுத்த ஓய்வுச் சான்று நடப்பில் இருந்ததா? தற்காலிக ஊனப் பலன் வாங்கிக்கொண்டிருக்கும்போதோ, சான்றோடு சிகிச்சையில் இருக்கும்போதோ வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டம் சொல்கிறது. தேதிகள் அப்படி விழுந்தால், நீக்கியதே தவறு என்று தொழிலாளர் துறையில் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும். குன்னூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. வேலை திரும்பக் கிடைக்காவிட்டாலும் பேச்சுவார்த்தையில் அந்த மனுவுக்கு எடை உண்டு.

சரி, சம்பளச் சீட்டே இல்லை, இ.எஸ்.ஐ. பிடித்தமே கிடையாது என்று தெரிய வந்தால்? அப்போது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். இந்த உரிமை 1923-லிருந்து இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர் இதில் போக முடியாது, வெளியே இருப்பவருக்கு இதுதான் வழி. எஸ்டேட் தோட்டத்தில் இலை பறிப்பவர்கள், மருந்து அடிப்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள், சிறிய லாட்ஜ் ஊழியர்கள் என்று நீலகிரியில் பலர் இந்தப் பக்கம்தான் வருவார்கள், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள், அண்ணன் அதற்குள் இருக்கிறார். 14,000-இல் 60 சதவீதம் 8,400. அதை 184.17-ஆல் பெருக்கினால் 15,47,028. இது முழு ஊனத்துக்கு. 50 சதவீதம் என்றால் 7,73,514 ரூபாய். கம்பெனி நீட்டும் 50,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், காரணமில்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் போட, இந்த இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. கெடு, விபத்து நடந்ததிலிருந்து இரண்டு வருடம். போன வருட ஜூலை என்றால் காலம் இருக்கிறது, ஆனால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அட்டவணையில் 50 என்று இருக்கிறது என்பதற்காக 50-ஓடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு தச்சர் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த வழக்கில், தச்சு வேலைக்கு இரண்டு கையும் வேண்டும், ஆகவே இது முழு ஊனம் என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. உடம்பில் எவ்வளவு போனது என்பதைவிட, அவர் செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று பார்த்த தீர்ப்பு அது. மெஷின் ஆபரேட்டராகவே இருந்த ஒருவருக்கு இதை வாதிட்டுப் பார்க்கலாம். கம்பெனி எழுதி வாங்க நினைக்கும் "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்ற ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின்படி செல்லாது. செல்லாதுதான், ஆனால் அதைச் செல்லாது என்று சொல்ல வைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால்தான் கையெழுத்தே வேண்டாம் என்றேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தொழிலாளி, மாற்றுத்திறனாளி, பெண்கள் எல்லோருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்ய வேண்டும், வருமானம் பார்க்காமல். ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். நஷ்டஈட்டில் பங்கு தா என்று கேட்கும் ஆட்களிடம் போக வேண்டாம்.

அடுத்து பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. 14 வருடச் சேமிப்பு அதில் இருக்கும். அவசரப்பட்டு எடுக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். வேலையை விட்டு நின்ற காரணத்தைக் கம்பெனி ஆன்லைனில் பதிவு செய்திருக்கும். அங்கே "நிரந்தர ஊனம்" என்று தனியாக ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் பழக்கமாக "வேலை நின்றது" என்ற பொதுக் காரணத்தைப் போட்டுவிடுவார்கள். நிரந்தர ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் போனவருக்குப் பி.எஃப். பணத்தைக் காத்திருக்காமல் முழுவதும் எடுக்க வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், பி.எஃப்.போடு சேர்ந்த 1995-ஆம் வருட ஓய்வூதியத் திட்டத்தில் ஊன ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பது. 58 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை, பத்து வருடம் முடித்திருக்கவும் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போனாலே போதும். அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு நிரந்தரமாக, முழுமையாகத் தகுதியில்லாமல் போய்விட்டார் என்று பி.எஃப். நிறுவனத்தின் மருத்துவக் குழு சொல்ல வேண்டும். விண்ணப்பம் 10-டி படிவம். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். தொகை சிறிதுதான், ஆனாலும் இ.எஸ்.ஐ. தொகையோடு சேர்த்து வாங்கலாம்.

வங்கிப் பாஸ்புக்கையும் ஒருமுறை புரட்டுங்கள். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் பிடித்த பதிவு இருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் அண்ணன் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு கையின் பயன்பாட்டை முற்றிலும் இழந்தால் அதில் 1 லட்சம் உண்டு. நான்கு விரல் இழப்பை அவர்கள் அப்படி ஏற்பார்களா என்பது டாக்டர் சான்றைப் பொறுத்தது. தாமதமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைக் காரணமாகக் காட்டி மனு கொடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பென்ஷன். இதற்கு முதல் படி ஊனச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யும். ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், போட்டோ, சிகிச்சைக் காகிதங்கள் வேண்டும். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் பார்த்துச் சதவீதம் போடுவார். எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள், கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போய்ச் சும்மா திரும்புவது பெரிய சலிப்பு.

இங்கேதான் குழப்பம் வரும். ஊனச் சான்றில் போடும் சதவீதம் வேறு, இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு சொல்லும் சதவீதம் வேறு. முன்னது 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி உடம்பை அளப்பது, பின்னது சம்பாதிக்கும் திறனை அளப்பது. ஒன்றில் 50 வந்தது, மற்றதிலும் 50 வர வேண்டும் என்று சண்டை போட முடியாது. ஊனச் சான்றில் 38 என்று வந்தாலும் இ.எஸ்.ஐ. உரிமை குறையாது. சான்றில் 40-ஓ அதற்கு மேலோ வந்தால்தான் அரசு உதவித்தொகைக்கு வாசல் திறக்கும். அதனால் டாக்டரிடம் போகும்போது விரல்களை மட்டும் பேசாமல், மணிக்கட்டு மடங்குகிறதா, பிடிப்பு இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்பதையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் மதிப்பீட்டில் சேரும்.

உதவித்தொகை இரண்டு இடத்திலிருந்து வருகிறது, இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். நம் பக்கம் இதையும், முதியோர் பென்ஷனைப் போல, ஓ.ஏ.பி. என்றே சொல்கிறார்கள். 2023-ல் மாதம் 1,000-லிருந்து 1,500 ஆக்கினார்கள். இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போகும். 75 சதவீதத்துக்கு மேல் கடுமையான ஊனம், தசைச்சிதைவு, அறிவுசார் குறைபாடு, தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. அண்ணனுக்கு முதல் வகைதான் பொருந்தும். இ.எஸ்.ஐ. மாதத்தொகை வர ஆரம்பித்துவிட்டால் தாலுகா ஆபீஸில் அதை மறைக்க வேண்டாம், விசாரணையில் தெரிந்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மனு நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயம். இ.எஸ்.ஐ. கார்டு வேலை போன மறுநாளே செத்துப்போவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு. அண்ணனுடைய கடைசிச் சந்தா எந்த மாதம் என்று பார்த்தால், உங்களிடம் "செல்லாது" என்று சொன்ன நாளில் அது உண்மையிலேயே செல்லாமல் இருந்ததா என்று தெரியும். அந்தக் காலமும் முடிந்த பிறகு, வேலைக் காயத்தால் நிரந்தர ஊனமாகி வேலையை விட்டவருக்கு ஒரு தனி விதி இருக்கிறது. மாதம் 10 ரூபாய் வீதம் வருடத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால், ஓய்வு பெறும் வயது வரை அவரும் அண்ணியும் இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை பெறலாம். 120 ரூபாய்தான். இதைப் பற்றி ஃபேக்டரி ஆபீஸில் யாரும் சொல்லித் தருவதில்லை, கிளை அலுவலகத்தில் நீங்களாகக் கேட்டால் படிவம் தருவார்கள்.

பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அண்ணன் வேலையில் இருந்தபோது 14,000 வீதம் வருடத்துக்கு 1,68,000, அதனால் அப்போது கிடைத்திருக்காது. இப்போது நிலைமை மாறிவிட்டது. வி.ஏ.ஓ.விடம் இன்றைய வருமானத்துக்குப் புதிய சான்று வாங்குங்கள், பழைய சான்றை வைத்து மறுத்துவிடப் போகிறார்கள். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், அந்தச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊட்டி கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, முன்பு கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருந்த பல விஷயங்களுக்கு இங்கேயே பார்த்துக்கொள்ள முடிகிறது. கைக்கு பிசியோதெரபி வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருவார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலருக்குக் காயம் இருக்காது. பக்கவாதம் வந்தோ, கிட்னியோ முதுகுத்தண்டோ கெட்டுப்போயோ வேலையை இழந்திருப்பீர்கள். வேலையால் வராத ஊனம் என்றாலும், இ.எஸ்.ஐ.யில் இருந்து 40 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனமாகி வேலை போனவர்களுக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் அதிகபட்சம் 24 மாதம் வேலையில்லாக் காலப் படி உண்டு, அந்தக் காலத்துக்குச் சிகிச்சையும் உண்டு. சில பெரிய நோய்களுக்கு, வேலையில் இருக்கும்போதே, இரண்டு வருடம் வரை 80 சதவீதக் கூலி தரும் நீட்டித்த நோய்ப் பலனும் இருக்கிறது. வேலையை விட்டு எழுதிக் கொடுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள், விட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்ததால் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. ஊனப் பலனும் இழப்பீடும் அதிலும் இருக்கின்றன, "பழைய சட்டம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் பின்வாங்காதீர்கள்.

கடைசியாக, எல்லாப் பணமும் வந்து விழப்போகும் வங்கிக் கணக்கைப் பற்றி. அண்ணன் வலது கையால் கையெழுத்துப் போட்டவர். இப்போது இடது கையால் போட்டால் பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்புவார்கள். ஊனச் சான்று வந்ததும் கிளைக்கு நேரில் போய், புதிய கையெழுத்தையோ பெருவிரல் ரேகையையோ பதிய வையுங்கள். ஆதாரிலும் போன நான்கு விரல்களின் ரேகை பழையபடியே இருக்கும். ரேஷன் கடையிலும் இ-சேவையிலும் ரேகை வைக்கச் சொல்லும்போது இயந்திரம் ஏற்காது, ஆள் மாறாட்டம் என்று சந்தேகப்படுவார்கள். ஆதார் மையத்தில் ரேகைப் பதிவைப் புதுப்பித்து, கண்விழிப் பதிவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் பி.எஃப். ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்கும்போது முகத்தைக் காட்டியே போனில் செய்யும் வசதி இருக்கிறது, அதையும் பிள்ளைகளில் பெரியவருக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்த ஆதார் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். யு.டி.ஐ.டி. பதிவும், இ.எஸ்.ஐ. மனுவும், வருமானச் சான்றும் எல்லாம் அதை வைத்துத்தான் நகரும். அந்தக் கம்பெனிப் பேப்பரின் நகல் கிடைத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள். பெயரையும் கம்பெனிப் பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.